இயந்திரம் வேகமாகிறது, வேலை எப்போது வேகமாகும்?

தை மாதத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் ஊர்ச் சாலைகளில் போகிறவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்ப்பார்கள். வயலில் அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால், அப்படி அறுத்த நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்கு அடியில் நாள் கணக்கில் கிடக்கும். நெல்லுக்குச் சொந்தக்காரர் இரவிலும் அங்கேயே காவல் படுத்திருப்பார். மேகம் திரண்டால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

கை அறுவடையில் தாள் அறுத்த இடத்திலேயே வெயிலில் காயும். பிறகு கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடிக்க வேண்டும். நாள் பிடிக்கிற வேலைதான். ஆனால் நெல் காய்வதற்கான நேரமும் அந்த நாட்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. இயந்திரம் அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்து, ஈரம் போகாத நெல்லை நேராக டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. கொள்முதல் விதியோ, சில பருவங்களில் தளர்த்தப்பட்டாலும், 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் கூடாது என்கிறது. முன்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்துசேர்ந்த நெல் இப்போது ஒரே சமயத்தில் வந்து நிற்கிறது. எடை போடுகிறவர், சாக்கு, சுமைதூக்கும் தொழிலாளர், கிடங்குக்கு ஏற்றிப்போகும் லாரி என்று நிலையத்தில் உள்ள மற்ற எல்லாம் பழைய வேகத்திலேயே இருக்கின்றன. வயலில் மிச்சமான நாட்கள் நிலையத்து வாசலில் செலவாகிவிடுகின்றன.

தொழில்நுட்பம் பொருளாதாரத்தை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கான விடையில் பாதி இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு கண்ணி மட்டும் வேகமானால் சங்கிலி வேகமாகிவிடாது. மீதிக் கண்ணிகளையும் மாற்றி அமைக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், சில சமயம் ஒரு தலைமுறையே ஆகும். விடையின் மறுபாதி, மிச்சமாகிற நேரமும் பணமும் யாருக்குப் போகின்றன என்பது. அதை எந்த இயந்திரமும் தீர்மானிப்பதில்லை.

முதலில் உற்பத்தித்திறன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு மதிப்புள்ள பொருளோ சேவையோ உருவாகிறது என்ற கணக்குதான் உழைப்பின் உற்பத்தித்திறன். அதிக நேரம் உழைப்பது வேறு. அதே நேரத்தில் அதிகம் விளைவிப்பது வேறு. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பட்டறை, எட்டு மணி நேரத்தில் அதே அளவு செய்யும் பட்டறையைவிட உற்பத்தித்திறன் குறைந்தது. நீண்ட காலத்தில் ஒரு நாட்டின் கூலி உயர்வதற்கும், வேலை நேரம் குறைவதற்கும், பள்ளி மருத்துவமனைகளுக்கு அரசிடம் பணம் இருப்பதற்கும் அடிப்படை இந்தக் கணக்குதான். ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் 35 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 1 சதவீதம் என்றால் 70 ஆண்டுகள் ஆகும். அப்பா காலத்துக்கும் மகள் காலத்துக்கும் இடையில் வாழ்க்கை மாறுமா மாறாதா என்பது அந்த ஒரு சதவீதத்தில் இருக்கிறது.

இனி மின் மோட்டாரின் கதைக்கு வரலாம். இதைவிடத் தெளிவான பாடம் பொருளாதார வரலாற்றில் இல்லை என்பது என் எண்ணம்.

நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் 1882இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது; மோட்டாரும் வந்துவிட்டது. ஆனாலும் 1899இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஓட்டிய விசையில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. 1929இல் அது 78 சதவீதத்தை நெருங்கியது. இடையில் ஏன் இவ்வளவு தாமதம்? அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தால்தான் புரியும்.

கீழே ஒரு பெரிய நீராவி எஞ்சின். அது ஒரு கனத்த இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு கட்டிடத்தின் நீளத்துக்குக் கூரையை ஒட்டி ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுழற்றும். மேல்தளங்களுக்கும் பட்டைகள் வழியாகவே விசை ஏறும். தண்டை வெகு தூரம் நீட்டினால் உராய்விலேயே விசை வீணாகும் என்பதால் தொழிற்சாலைகளை அடுக்குமாடியாகக் கட்டினார்கள். அதிக விசை வேண்டிய இயந்திரம் தண்டுக்கு அருகில் வைக்கப்பட்டது. வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது இரண்டாம்பட்சம். ஒரே ஒரு கடைசல் இயந்திரம் ஓட வேண்டுமென்றாலும் தண்டு முழுவதும் சுழல வேண்டும். ஓர் இடத்தில் பட்டை அறுந்து தண்டை நிறுத்தினால் அந்தத் தண்டை நம்பிய அத்தனை இயந்திரங்களும் நின்றுவிடும். கூரையெங்கும் பட்டைகள் மறைப்பதால் வெளிச்சம் இராது; எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும்.

மோட்டாரை வாங்கிய முதலாளிகள் முதலில் செய்தது, நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்ததுதான். தண்டும் பட்டையும் அடுக்குமாடியும் அப்படியே இருந்தன. நிலக்கரிச் செலவில் கொஞ்சம் மிச்சமானது, அவ்வளவுதான். இவ்வளவு செலவழித்து இந்தப் பலன்தானா என்று அவர்கள் கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

உண்மையான மாற்றம், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் பொருத்தியபோது வந்தது. தண்டு தேவையில்லை என்றானதும் அடுக்குமாடியும் தேவையில்லை என்றானது. ஒரே தளத்தில் பரந்த கொட்டகை கட்டலாம். கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் கொண்டுவரலாம். தலைக்கு மேல் பட்டைகள் இருந்த இடத்தில் பாரந்தூக்கிகளை ஓடவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், பொருள் எந்த வரிசையில் உருவாகிறதோ அந்த வரிசையிலேயே இயந்திரங்களை நிறுத்தலாம். ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913இல் நகரும் இணைப்பு வரிசை (கார் நகர்ந்து வர, தொழிலாளர்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் முறை) வந்தபோது, ஒரு மாடல் டி காரின் அடிச்சட்டத்தை இணைக்கும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடமாகக் குறைந்தது. இதற்குக் கட்டிடம் மாற வேண்டியிருந்தது. கணக்கு எழுதும் முறையும் மேற்பார்வை முறையும் மாற வேண்டியிருந்தது. பழைய தண்டுகளோடு வளர்ந்த பொறியாளர்களின் இடத்துக்கு வேறு விதமாக யோசிக்கும் பொறியாளர்கள் வர வேண்டியிருந்தது. பழைய கட்டிடத்தில் போட்ட பணம் திரும்பும் வரை யாரும் புதுக் கட்டிடம் கட்ட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் பாய்ச்சலாக உயர்ந்தது 1920களில்தான். பேர்ல் தெரு விளக்கு எரிந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த இடத்தில் கோயம்புத்தூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்த ஊர் அது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபோது, அங்கே நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. கிணறுகளில் மின் பம்புசெட்டுகள் இறங்கின. அவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும் பட்டறைகள் பெருகின. இடித்துவிட்டுக் கட்ட வேண்டிய பழைய ஏற்பாடு அதிகம் இல்லாத ஊருக்குப் புதிய தொழில்நுட்பம் எளிதாகப் பொருந்தும் என்பதற்கு நம் கண்ணெதிரில் இருக்கும் சான்று.

மோட்டாரின் கதையைப் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் விரிவாக எடுத்து எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1987இல், ராபர்ட் சோலோ என்ற பொருளாதார அறிஞர் ஒரு புத்தக மதிப்புரையில் ஒரு வரி எழுதியிருந்தார்: கணினி யுகத்தை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை. அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் சொன்னது என்பதால் அந்த வரியை யாராலும் ஒதுக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1973 வரை அமெரிக்காவின் உற்பத்தித்திறன் ஆண்டுக்குச் சுமார் 2.8 சதவீதம் வளர்ந்தது. அலுவலகங்களில் கணினி நிறைந்துகொண்டிருந்த அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பொறுங்கள், மோட்டாருக்கும் இப்படித்தான் இருந்தது என்றார் டேவிட்.

அவர் சொன்னதுபோலவே 1995க்குப் பிறகு வேகம் திரும்பியது. பத்தாண்டு காலம் கிட்டத்தட்ட பழைய உயரத்தில் நின்றது. எங்கிருந்து வந்தது அந்த வேகம்? கணினியும் அதற்குள் இருக்கும் சில்லும் (சிப்) செய்யும் தொழிலில் பெரும் பங்கு இருந்தது. அதோடு சில்லறை வணிகத்துக்கும் மொத்த வணிகத்துக்கும் இருந்த பங்கு பலரை வியக்க வைத்தது. பார்கோடு 1974இலேயே ஒஹாயோ மாநிலத்தின் ஒரு கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டது. முதலில் விற்றது ஒரு சூயிங்கம் பாக்கெட். ஆரம்பத்தில் அது பில் போடும் பெண்ணின் விரல் வேலையைக் குறைத்தது. வால்மார்ட் போன்ற அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனங்கள் அந்தப் பில் தகவலை நேராகக் கிடங்குக்கும், கிடங்கிலிருந்து பொருள் தயாரிப்பவருக்கும் போகும்படி செய்தபோதுதான் பெரிய பலன் வந்தது. எந்தப் பொருள் எந்த ஊரில் தீர்கிறது என்று கிடங்குக்கு அன்றைக்கே தெரிந்தால் தேங்கும் சரக்கு குறையும், லாரி காலியாக ஓடாது. அதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் நாம் நேரில் கண்டது ரயில் முன்பதிவு. கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு கவுன்டருக்கும் சில ரயில்கள்தான். அந்த ரயில்களின் பேரேடு அந்த எழுத்தரிடம் இருக்கும். நீங்கள் நிற்கும் வரிசை நகராமல் பக்கத்து எழுத்தர் சும்மா இருந்தாலும் அங்கே போக முடியாது, ஏனென்றால் உங்கள் ரயிலின் பேரேடு அவரிடம் இல்லை. வேறு ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட் வேண்டுமென்றால் தந்தி போய்ப் பதில் வர வேண்டும். 1986இல் டெல்லியில் தொடங்கி, பிறகு மதராஸ் உள்ளிட்ட நகரங்களுக்கு வந்த கணினி முன்பதிவு, எந்தக் கவுன்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்று ஆக்கியது. பேரேட்டை ஒருவர் கையிலிருந்து எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது அந்தக் கணினியின் பெரிய வேலை. எழுத்தர் வேகமாக எழுதியதைவிட அது பல மடங்கு பலன் தந்தது. 2002இல் இணையத்தில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தபின் கவுன்டருக்கே போக வேண்டாம் என்றானது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வரிசையில் நின்ற கோடிக்கணக்கான மணி நேரங்கள் மிச்சமானதை நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு எங்கும் பதிவதில்லை. பயணியின் நேரத்துக்கு அதில் விலை இல்லை. அதேபோல், எழுத்தர் செய்த வேலையை இப்போது பயணியே தன் கைபேசியில் செய்கிறார் என்பதும் பதிவதில்லை. பெயர், வயது, படுக்கை விருப்பம், கடவுச்சொல், வங்கிக் கணக்கு என்று எல்லாம் அவரே நிரப்புகிறார். மின்கட்டணம், வங்கி, அரசுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இப்படி வேலை வாடிக்கையாளரின் தலைக்கு மாறியிருக்கிறது. கைபேசி பழகாத முதியவர் இணைய மையத்தில் காசு கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறார். ஆகவே புள்ளிவிவரம் உயரவில்லை என்பதால் பலனே இல்லை என்றும், உயர்ந்துவிட்டது என்பதால் எல்லோருக்கும் பலன் என்றும் முடிவு கட்டுவது இரண்டுமே தவறு.

இந்தியாவைப் பொறுத்தவரை, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று இருக்கிறது. நாட்டின் உழைப்பாளர்களில் சுமார் 46 சதவீதத்தினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டு உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். பாதிக்குச் சற்றுக் குறைவான மக்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான மதிப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இவர்களில் கணிசமானவர்கள் கூலி கூடுதலான வேலைக்கு மாறினாலே நாட்டின் உற்பத்தித்திறன் உயர்ந்துவிடும்; அதற்கு எந்த அதிநவீனக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. தேவைப்படுவது அப்படி மாறிப்போக ஓர் ஆலை, அந்த ஆலைக்குப் போக ஒரு பேருந்து, அங்கே வேலை கிடைக்க ஒரு படிப்பு. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணிக்கையை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி பங்கீட்டுக்கு வருகிறேன். அறுவடை இயந்திரம் வந்ததால் விவசாயிக்குச் செலவு குறைந்தது, ஆள் கிடைக்காத தவிப்பு தீர்ந்தது. இயந்திரச் சொந்தக்காரருக்கு வாடகை வந்தது. அறுப்புக்குப் போய் நெல்லாகக் கூலி வாங்கி, சில மாதத்துச் சாப்பாட்டை வீட்டில் சேர்த்துவைத்த நிலமற்ற குடும்பத்துப் பெண்களுக்கு என்ன வந்தது? அவர்களில் பலருக்கு நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும்தான் மாற்று. நல்லவேளையாக அவையாவது இருந்தன. ஆனால் அவை அரசியல் முடிவுகளால் வந்தவை. இயந்திரத்தின் லாபத்திலிருந்து ஒரு பைசாவும் அந்தப் பெண்களுக்குப் பிரித்துத் தரப்படவில்லை.

இது பழைய கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் 100 பவுண்டு பருத்தியை நூலாக்க இந்தியாவின் கை நூற்பாளருக்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் ஆனதாகக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தின் தானியங்கி நூற்பு இயந்திரம் 1820களில் அதை 135 மணி நேரமாக்கியது. அதனால் இங்கே ராட்டையோடு வாழ்ந்த பெண்களின் வருமானம் அழிந்தது. அங்கேயும் தொழிலாளி உடனே செழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி உயர்ந்துகொண்டே போக, உண்மைக் கூலி, அதாவது விலைவாசியைக் கணக்கில் எடுத்துப் பார்த்த கூலி, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது என்பது பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் காட்டிய கணக்கு. லாபம் முழுவதும் முதல் போட்டவர்களிடம் சேர்ந்தது. பிறகு கூலி உயர்ந்தது உண்மை. அந்த ‘பிறகு’ வருவதற்குள் ஒரு தலைமுறை செத்துப்போயிருந்தது. நீண்ட காலத்தில் எல்லோருக்கும் நல்லது என்று சொல்கிறவர்கள் இந்த நாற்பது ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டிப்போவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்குத் துறைமுகங்கள் சாட்சி. 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் கன்டெய்னர் எனப்படும் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன். அதுவரை சாக்கு, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தோளிலும் வலையிலும் ஏற்றி இறக்கினார்கள். ஒரு டன் சரக்கை ஏற்ற 5.86 டாலர் ஆனது. பெட்டியில் வைத்து ஏற்றியபோது அது 16 சென்ட்டுக்கு வந்தது. இங்கும் பலன் ஒரே நாளில் வரவில்லை. பெட்டியின் அளவை எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்டிக்கேற்ற கப்பல், கிரேன், ரயில் பெட்டி, பரந்த வெளி எல்லாம் வேண்டியிருந்தது. நடுநகரில் ஒடுங்கிக் கிடந்த லண்டன் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த வேலை நகருக்கு வெளியே இருந்த டில்பரி, ஃபெலிக்ஸ்டோ துறைமுகங்களுக்குப் போனது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிற்சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில், பெட்டி தங்கள் கரையை முழுதாக எட்டுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்தது. இதைத் தடுக்க முடியாது, விலை பேசலாம். 1960இல் போட்ட ஒப்பந்தப்படி, இயந்திரமயமாக்கலுக்குக் குறுக்கே நின்ற பழைய வேலை விதிகளைச் சங்கம் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் செலுத்தினார்கள். பதிவு பெற்ற தொழிலாளர் யாரையும் இயந்திரத்தின் பெயரால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வேலை குறைந்தாலும் குறைந்தபட்ச வருமானம் உண்டு. முன்கூட்டியே ஓய்வு பெறுகிறவருக்குத் தொகை உண்டு. இயந்திரத்தின் லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு என்பதை எழுத்தில் கொண்டுவந்த ஒப்பந்தம் அது. குறை இல்லாததல்ல, முழு உறுப்பினராகாத இரண்டாம் வரிசைத் தொழிலாளருக்கு அந்தப் பயன்கள் போகவில்லை, அந்தக் கசப்பு வெகு காலம் இருந்தது. ஆனாலும் பேச வேண்டிய நேரத்தில் பேசியவர்களுக்கும் பேசாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் லண்டன் கரையையும் சான்பிரான்சிஸ்கோ கரையையும் ஒப்பிட்டால் தெரியும்.

வேலை மொத்தமாகவே போய்விடும் என்ற அச்சத்துக்கு வரலாறு தரும் பதில் கலவையானது. அமெரிக்க வங்கிகளில் ஏடிஎம் பரவியபோது ஒரு கிளைக்குத் தேவைப்பட்ட காசாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 20இலிருந்து 13ஆகக் குறைந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகள் திறந்தன. மொத்தக் காசாளர் எண்ணிக்கை அந்தக் காலத்தில் சரியவில்லை. விலை குறைந்தால் தேவை பெருகும் இடத்தில் வேலையும் பெருகும். தேவை ஏற்கனவே நிரம்பிய இடத்தில் அப்படி நடக்காது. நெல்லை எவ்வளவு வேகமாக அறுத்தாலும் மனிதர் ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடப்போவதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு. அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நுண்ணறிவு உதவியோடு வேலை செய்தவர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. அனுபவசாலிகள் பேசும் விதத்திலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கருவி புதியவர்களுக்குக் கொடுத்தது. தன் திறமை அப்படிப் பிரதி எடுக்கப்பட்டதற்கு அந்த அனுபவசாலிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2025இல் வந்த இன்னொரு சோதனை சிறியது. மென்பொருளுக்கான நிரல் எழுதும் 16 அனுபவமிக்க நிரலாளர்கள் தங்களுக்கு நன்கு பழகிய நிரல்களில் வேலை செய்தார்கள். நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்த அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வியப்பு என்னவென்றால், முடித்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள்.

இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஒன்றில் வேலை சிறு துண்டுகளாக, திரும்பத் திரும்ப வருவதாக இருந்தது. மற்றதில் கருவி தந்ததைப் படித்து, சரிபார்த்து, திருத்துவதே வேலையாகிவிட்டது. நிரல் எழுதும் வேகம் பல மடங்கானாலும், அதைப் பரிசோதிப்பவர், ஒப்புதல் தருபவர், வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டுப் புரிந்துகொள்பவர் எல்லாம் பழைய வேகத்தில் இருந்தால் எழுதிய நிரல் வரிசையில் காத்துக் கிடக்கும். இன்றைக்குப் பல நிறுவனங்கள் நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்த கட்டத்தில்தான் இருக்கின்றன: அதே அலுவலகம், அதே படிவம், அதே மூன்று அடுக்கு ஒப்புதல், நடுவில் ஒரு புதுக் கருவி. பலன் தெரியவில்லை என்றதும் ஆட்களைக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். அது உற்பத்தித்திறன் ஆகாது. மிஞ்சியிருப்பவர்கள் தலையில் ஏறிய சுமை அது.

இந்தியச் சட்டத்தில் இதற்கான ஒரு பிடி வெகு காலமாக இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர அல்லது உத்தி மாற்றத்தை முதலாளி கொண்டுவரும் முன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றது. அதன் இடத்தில் வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஆலைக்குள் புது இயந்திரம் லாரியில் வந்து இறங்கும், எல்லோர் கண்ணிலும் படும், பேச்சு தொடங்கும். ஆட்களின் வேலையைச் செய்யும் மென்பொருளோ ஒரு திங்கட்கிழமை காலை எல்லோர் திரையிலும் புதுப்பிப்பாக வந்து நிற்கிறது. அந்த 21 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது, யார் யாருக்கு அறிவிக்க வேண்டும், மிச்சமாகும் மணி நேரங்களை யார் எண்ணுவது என்பதையெல்லாம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். துறைமுகத் தொழிலாளர்கள் பெட்டி கரையை முழுதாக எட்டுவதற்கு முன்பே பேச்சு மேசையில் உட்கார்ந்தார்கள்.